கூனிக்கழியின் வெள்ளைப் பட்டை

ஐப்பசி பிறந்த நாலாம் நாள் உள்ளான்கள் வந்தன. வடக்கே பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்திலிருந்து சோறு தண்ணீர் இல்லாமல் பறந்து வரும் சின்னப் பறவைகள். ஒன்றைப் பிடித்தால் கைக்குள் அடங்கிவிடும். ஆயிரக்கணக்கில் வந்து புதுக்கழியின் மேலே மூன்று வட்டம் அடித்தன. நாலாவது வட்டத்தைத் தாழ்வாக அடித்தன. பிறகு என்ன நினைத்துக்கொண்டனவோ, அப்படியே தெற்கே திரும்பிப் போய்விட்டன.

துவாரகா கண்காணிப்பு மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருஷமும் இப்படித்தான். அதற்கு முந்தின வருஷமும் இப்படித்தான். முதல் வருஷம், இடம் புதுசு, பழகவில்லை என்று சொல்லிக்கொண்டாள். இரண்டாம் வருஷம் வங்கக் கடலில் ஒரு புயல் இருந்தது, அதன் தலையில் பழியைப் போட்டாள். மூன்றாம் வருஷத்துக்குச் சொல்ல அவளிடம் காரணம் மிச்சமில்லை.

துவாரகா வாழிட மாற்று வாரியத்தில் மூத்த ஆய்வாளர். வயது நாற்பத்தாறு. புதுக்கழி அவள் பெற்ற பிள்ளை என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். அவளும் மறுக்க மாட்டாள். அந்தக் கழியில் நீந்துவது, ஊர்வது, முளைப்பது எதுவானாலும் அவள் போட்ட பட்டியலிலிருந்து வந்ததுதான்.

பட்டியல் போடும் இயந்திரத்துக்கு ஒரு முழ நீளத்தில் பெயர் உண்டு. வாரியத்தில் எல்லாரும் அதை மோப்பப்பெட்டி என்பார்கள். உயிருள்ள எதுவும் தான் இருக்கும் இடத்தில் தன்னில் கொஞ்சத்தை உதிர்த்துக்கொண்டே இருக்கிறது. செதில், எச்சம், முடி, கோழை, இலைத்தூள் என்று ஏதாவது ஒன்று. ஒரு குவளைத் தண்ணீரோ ஒரு பிடி மண்ணோ கொடுத்தால் போதும், அதிலிருக்கும் மரபணுத் துணுக்குகளை வாசித்து, இன்னின்னார் இங்கே குடியிருக்கிறார்கள் என்று பெட்டி சொல்லிவிடும். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத பாசி முதல் கொடுவா மீன் வரை அத்தனையையும் வேறோர் இடத்தில் வளர்த்துக் குடியேற்றவும் முடிந்தபோது, சட்டமும் அதற்கேற்ப வந்தது. யாருக்காவது ஓர் இடம் வேண்டுமென்றால் எடுத்துக்கொள்ளலாம். அங்கே வாழ்ந்தவற்றின் பட்டியலில் ஒரு பெயர் விடாமல் இன்னோர் இடத்தில் வாழவைத்துக் காட்டவேண்டும், அவ்வளவுதான். அதற்கு முன்பெல்லாம் பட்டியலே போடாமல்தான் எடுத்துக்கொண்டார்கள் என்பதால், ஊரே இதை நல்ல சட்டம் என்றது. துவாரகாவும் அப்படித்தான் நம்பினாள். இன்னமும் பாதி நம்புகிறாள்.

கூனிக்கழி துறைமுகத்துக்குப் போயிற்று. பன்னிரண்டு கிலோமீட்டர் நீளம், கடலோடு சேர ஒரு முகத்துவாரம், நாளைக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும் ஓதம். நாற்பது கிலோமீட்டர் தெற்கே அதே அளவுக்குப் புதுக்கழி தோண்டினார்கள். நீர்ப் பட்டியலில் எண்ணூற்று நாற்பத்தாறு பெயர், நிலப் பட்டியலில் ஐந்நூற்று எழுபத்தொன்று. தண்ணீரை நம்பிப் பிழைத்த குப்பத்து மீனவர்கள் தண்ணீரோடு வந்தார்கள். தரையை நம்பிய உப்பளத் தொழிலாளிகளும் ஆடு மேய்ப்பவர்களும் தரையோடு வந்தார்கள். வாழிடம் எங்கே போகிறதோ அங்கேயே அதைச் சார்ந்தவர்களுக்கும் வீடு என்பது விதி.

மூன்று வருஷத்தில் பட்டியலில் ஒரு பெயர்கூட அடிபடவில்லை. ஆனாலும் கழி தேறவில்லை. இறால் பொரித்தது, வளரவில்லை. மடவை மீன் எலும்பும் தோலுமாகத் திரிந்தது. குப்பத்தார் மாதம் ஒருமுறை வந்து, வலையில் பாசி தவிர ஒன்றும் ஏறவில்லை என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். திட்ட இயக்குநர் பிரபாகர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்ப்பார். எல்லாம் உயிரோடுதானே இருக்கிறது, பிறகு என்ன குறை என்பார். துவாரகாவிடமும் அதே கேள்விதான் இருந்தது.

உள்ளான்கள் போன மறுநாள் எட்டியம்மா வந்தாள்.

அலுவலகத்துக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் காலையிலிருந்து காத்திருந்தவள், பதினோரு மணிக்குத் துவாரகா டீ குடிக்க வந்ததும் எழுந்து வந்து நின்றாள். அவளுக்கும் துவாரகாவின் வயதுதான் இருக்கும். வெயில் அதன் மேல் பத்து வயதைக் கூட்டியிருந்தது. இருளர் இனம், பழைய கூனிக்கழிக் கரையில் முப்பத்தொரு குடும்பம் இருந்தோம் என்றாள். ஓதம் வடிந்ததும் சேற்றில் இறங்கி, கையால் துழாவி இறால் பிடிப்பது பெண்களின் வேலை. கழியை எடுத்தபோது இவர்கள் நீரைச் சார்ந்தவர்களா, நிலத்தைச் சார்ந்தவர்களா என்று கேட்டிருக்கிறார்கள். படகும் இல்லை, பட்டாவும் இல்லை. இரண்டிலும் சேராதவர்கள் என்று எழுதி, உள்நாட்டில் அறுபது கிலோமீட்டர் தள்ளி ஓர் அடுக்குமாடியின் நாலாவது தளத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். பெண்கள் இப்போது கல்யாண மண்டபங்களில் எச்சில் இலை எடுக்கப் போகிறார்கள். மனு கொடுக்க இதற்கு முன் மூன்று முறை வந்து, மூன்று முறையும் வாசலோடு திரும்பியிருக்கிறாள்.

இதையெல்லாம் கோபமில்லாமல் சொல்லிவிட்டு, அவள் கேட்டது வேறு.

"உள்ளான் எறங்கலியாமே, மேடம்?"

யார் சொன்னார்கள் என்று துவாரகா கேட்டாள்.

"குப்பத்துல சொன்னாங்க. எப்டி எறங்கும்? காலு வைக்க எடம் ஓணும்ல. தண்ணியில வைக்குமா, சிமிட்டியில வைக்குமா?"

புதுக்கழியின் கரை பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் சிமெண்டுச் சரிவு. தண்ணீர் முடிகிற இடத்தில் தரை தொடங்கிவிடும். துவாரகா அந்தக் கரையை ஒவ்வொரு நாளும் பார்க்கிறவள். இப்போதுதான் பார்ப்பது போல இருந்தது.

"அதுக்குச் சேறு ஓணும்" என்றாள் எட்டியம்மா. "ஓதம் ஏறுனா அது தண்ணி, எறங்குனா தரை. அலையாத்தி எல விழுந்தா அத்த சின்ன நண்டு வளைக்குள்ள இஸ்துக்கினு போயி அரைச்சுப் போடும். அத்தத் தின்னுதான் பொடிக் கூனி பெருகும், கூனியத் தின்னு எறா கொழுக்கும். ஓதம் ஏறசொல்லோ மடவை வந்து அந்தச் சேத்த நக்கினு போவும். தண்ணியில கீறதும் அங்கதான் துன்னுது, தரையில கீறதும் அங்கதான் துன்னுது. நீங்க தண்ணியத் தூக்கினு வந்தீங்க, தரையத் தூக்கினு வந்தீங்க. நடுவுல இருந்த சேத்த எங்க வுட்டீங்க?"

துவாரகா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு மேலே போனாள்.

பழைய வரைபடங்களைத் திறக்க அரைமணி நேரம் பிடித்தது. அதற்குள்ளேயே அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கூனிக்கழியில் மாதிரி எடுக்க இரண்டு குழு போயிற்று. நிலக் குழுவுக்கு, கால் புதையும் இடத்தோடு நின்றுவிட வேண்டும் என்று கட்டளை. அதற்கு முந்தின வருஷம் இன்னோர் ஊரில் ஒரு பையன் இடுப்பு வரை புதைந்து, கயிறு கட்டி இழுத்திருந்தார்கள். நீர்க் குழு படகில் போனது. இரண்டடித் தண்ணீராவது இருந்தால்தான் படகு மிதக்கும். நடுவில் இருந்த சேற்றை நிலக் குழு, அது நீர்க் குழுவின் வேலை என்று நினைத்தது. நீர்க் குழு, அது நிலக் குழுவின் வேலை என்று நினைத்தது. இரண்டு வரைபடத்தையும் ஒன்றாக ஒட்டும் வேலை துவாரகாவுடையது. ஒட்டியபோது நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பட்டை நின்றது. முந்நூறு மீட்டர் அகலம், சில இடத்தில் ஐந்நூறு. எல்லைக்கோடுகள் சேரவில்லை, சேர்த்துவிடவா என்று திரை கேட்டது.

அளவெடுத்ததில் பிழை என்று நினைத்தாள். அன்று சாயங்காலத்துக்குள் அறிக்கை போகவேண்டும். சேர்த்துவிடு என்றாள். இரண்டு கோடும் நகர்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பொறியாளர்கள் அந்தக் கோட்டின் மேலேயே சிமெண்டைக் கொட்டினார்கள்.

அது பிழை என்று தான் நம்பினோமா, நம்ப ஆசைப்பட்டோமா என்று அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, அவளால் தீர்மானிக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெகுநேரம் இருந்தாள். ஒரு விரல் அசைவில் முப்பத்தொரு குடும்பத்தை நாலாவது மாடிக்கு ஏற்றியவள் தான்தான் என்பது நெஞ்சுக்குள் இறங்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

பிரபாகர் கெட்டவர் இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். துறைமுகக்காரர்கள் பழைய கழியை வடக்கிலிருந்து மணல் கொட்டி மூடிக்கொண்டு வருகிறார்கள், தெற்கு முனையில் ஒன்றரை கிலோமீட்டர் சேறு இன்னும் திறந்து கிடக்கிறது, பத்து நாளில் அதுவும் போய்விடும் என்றார். அதற்குள் மாதிரி எடுத்தால் பட்டியலைத் திறக்கலாம். ஆனால் விடுபட்டது யாரால் என்று எழுத்தில் வேண்டும். அடுத்த மாதம் வரவேண்டிய பதவி உயர்வை மறந்துவிட வேண்டும்.

துவாரகா அவர் மேசையிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைப் பெரிய தியாகம் என்று சொல்ல முடியாது. அவளே அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

கீழே இறங்கி வந்து, டீக்கடையில் இன்னும் காத்திருந்த எட்டியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சேறு பட்டியல்ல ஏறிட்டா நீங்களும் ஏறிடுவீங்க. வாழிடம் எங்கயோ அங்கதான் சார்ந்தவங்களுக்கும் வீடு. அது விதி. நான் பாத்துக்கறேன்."

இந்த வாக்கைக் கொடுக்கச் சொல்லி அவளை யாரும் கேட்கவில்லை.

மாதிரி எடுத்த நாளைத் துவாரகா மறக்கமாட்டாள். காலை எட்டு மணிக்கு ஓதம் வடிந்தது. பழைய கழியின் தெற்கு முனையில் சேறு பளபளவென்று விரிந்து கிடந்தது. உளுவை மீன்கள் தரைமேல் துள்ளித் துள்ளி ஓடின. ஒற்றைக் கொடுக்கு பெருத்த சின்ன நண்டுகள் வளை வாசலில் நின்று கொடுக்கை ஆட்டின. முட்டி வரை பூட்ஸ் மாட்டிய துவாரகா பத்தடி வைப்பதற்குள் தொடை வரை போய்விட்டாள். உதவிக்கு வந்த இரண்டு ஆய்வு உதவியாளர்களும் அவளை இழுக்க வந்து தாங்களும் மாட்டிக்கொண்டார்கள். எட்டியம்மாவும் அவளோடு வந்த நான்கு பெண்களும் கரையில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"பட்டியல்காரம்மா, நீ அங்கயே நில்லு. ஒண்ணும் ஆவாது, நாங்க எட்த்தாறோம்."

புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டி, பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அவர்கள் மண்டிபோட்டு இறங்கினார்கள். உடம்பின் பாரத்தை முழங்காலுக்கும் உள்ளங்கைக்கும் பிரித்துக்கொடுத்துவிட்டுச் சேற்றின் மேலேயே வழுக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்க, தட்டுப்பட்ட இறாலை எடுத்துப் போட, பறியைப் பிடித்துக்கொள்ள வாய்தான் மூன்றாவது கை.

துவாரகா கையுறைகளைக் கொடுத்தனுப்பியிருந்தாள். எட்டியம்மா மாட்டிக்கொண்டு இரண்டு தரம் துழாவிப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டாள்.

"இத்தப் போட்டா கண்ணக் கட்டிவுட்டாப்ல கீது, மேடம். எங்க வளை, எங்க கெட்டிச் சேறு, ஒண்ணும் தெரில. உள்ள கைதான பாக்குது."

வடக்கே லாரிகள் மணல் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓதம் திரும்ப இரண்டு மணி நேரம்கூட இல்லை. துவாரகா ஒரு கணம் யோசித்தாள். வெறுங்கையாகவே எடுங்கள் என்றாள். ஆய்வுக் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதச் சொன்னாள். எதையும் மறைத்து எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. விரல் ஆழம், மணிக்கட்டு ஆழம், முழங்கை ஆழம் என்று தொண்ணூறு குப்பி நிறைந்தது.

குப்பிகளை நிரப்பிய கையோடு அந்தப் பெண்கள் ஐந்து படி இறாலும் பிடித்துவிட்டார்கள். மூன்று வருஷமாகச் சேற்றைத் தொடாத கைகள். கரையில் சுள்ளி பொறுக்கி, உமரிக்கீரையோடு இறாலை வேகவைத்துத் துவாரகாவுக்கும் ஒரு தட்டில் வைத்தார்கள். கூட வந்ததில் ஒருத்தி இரண்டு வாய் தின்றதும் அழ ஆரம்பித்தாள். எட்டியம்மா அவளை அதட்டி, வீட்டுக்குத்தானே வரப்போகிறோம், இப்போது என்ன அழுகை என்றாள். துவாரகா தலையைக் குனிந்துகொண்டு தின்றாள்.

மோப்பப்பெட்டி தொண்ணூறு குப்பியையும் வாசித்து, இரண்டு பட்டியலிலும் இல்லாத முந்நூற்றெட்டு புதுப் பெயர்களைக் கொடுத்தது. துவாரகா அன்று வாய்விட்டு அழுதாள். வெட்கமும் சந்தோஷமும் சரிபாதி.

சிமெண்டுச் சரிவை உடைத்தார்கள். துறைமுக ஆழப்படுத்தலில் அள்ளிய சேற்றைக் கொண்டுவந்து பரப்பி, முந்நூற்றெட்டு பெயரையும் ஒவ்வொன்றாகக் குடியேற்றினார்கள். அலையாத்திக் கன்றுகள் வேர் பிடித்தன. இரண்டு மழைக்காலம் போயிற்று. அதற்கடுத்த ஐப்பசியில் உள்ளான்கள் வந்து ஒரே ஒரு வட்டம் அடித்துவிட்டுச் சேற்றில் இறங்கின. கரை முழுக்க அவற்றின் சத்தம். பிரபாகர் மாடியில் நின்று சின்னப் பிள்ளை போலக் கைதட்டினார். அந்த மாதம் குப்பத்தார் சத்தம்போட வரவில்லை. மார்கழியில் வந்தபோது ஒரு கூடை இறாலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

தை மாதம் சார்ந்தோர் குழு கூடியது. புதுச் சேற்றுப் பட்டை முறையாகப் பட்டியலில் ஏறிவிட்டது, அதைச் சார்ந்தவர்கள் யார் என்று முடிவுசெய்து வீடு ஒதுக்க வேண்டும். குழுவின் அதிகாரி ரெஜினா, நிதானமான பெண்மணி, எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். மீனவர்களுக்குப் படகு எண் இருந்தது, உப்பளத்தாருக்குக் கூலிச்சீட்டு இருந்தது, ஆடு மேய்ப்பவர்களிடம் மேய்ச்சல் ரசீது இருந்தது, இந்த முப்பத்தொரு குடும்பத்திடம் என்ன இருக்கிறது என்று கேட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த எட்டியம்மா தன் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அதைக் குறிப்பில் எப்படி எழுதுவது என்று ரெஜினாவுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அந்தச் சேற்றில் இவர்கள் உழைத்தார்கள் என்பதற்கு ஏதாவது ஒரு தடயம் கொண்டுவாருங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றார்.

தடயம் என்ற சொல் காதில் விழுந்ததும் துவாரகாவுக்குப் பொறி தட்டியது. மோப்பப்பெட்டி எந்த மாதிரியை வாசித்தாலும் முதல் வேலையாக மனிதத் துணுக்குகளைக் கழித்துவிடும். ஆய்வாளரின் வியர்வை, எச்சில், உதிர்ந்த முடி எல்லாம் கலந்திருக்கும் என்பதால் அது அழுக்குக் கணக்கில் சேரும். ஆனால் அழித்துவிடாது, தனிக் கோப்பில் ஒதுக்கி வைத்திருக்கும். ஓடிப்போய் அந்தக் கோப்பைத் திறந்தாள். தொண்ணூறு குப்பியிலும் மனிதர் இருந்தார்கள். முழங்கை ஆழத்தில், பல வருஷத்துக்கு முன் படிந்து இறுகிய சேற்றிலும் இருந்தார்கள். நண்டுக்கு அடுத்தபடியாக அந்தச் சேற்றில் அதிகமாக இருந்தது அவர்கள்தான். பெயர் பெயராகப் பட்டியல் போட்டவள், அந்த ஒன்றைப் பார்க்கவே இல்லை.

கோப்பை அச்செடுத்துக்கொண்டு குழுவின் முன்னால் போய் நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. ரெஜினா பக்கம் பக்கமாகப் படித்தார். முகம் மலர்ந்தது. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மாதிரிகளை எடுத்தது யாரு?"

"எட்டியம்மாவும் அவங்க ஆளுங்களும்தான், மேடம்."

"கையுறை போட்டுத்தானே?"

இருபது வருஷப் பழக்கம் அவள் நாக்கை ஆட்டியது.

"இல்ல மேடம். வெறுங்கை."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. ரெஜினா கோப்பை மெல்ல மூடினார். முழங்கை ஆழத்திலும் இருக்கிறதே என்று துவாரகா மன்றாடினாள். அங்கே கொண்டுபோய்க் கையை விட்டதும் அவர்கள்தானே, இது பழைய தடயமா அன்றைய தடயமா என்று எதை வைத்துப் பிரிப்பது, ஐந்து பேரும் அந்த முப்பத்தொரு குடும்பத்துக்கும் ரத்த சொந்தம் வேறு என்றார் ரெஜினா. மறுபடி ஒருமுறை கையுறையோடு எடுத்து வர முடியுமா என்று அவரே கேட்டார். பழைய சேற்றின் மேல் இப்போது கப்பல் கட்டும் மேடை நிற்கிறது. புதுச் சேற்றில் மனிதக் கை படவே இல்லை.

சார்ந்தவர் யாருமில்லாத வாழிடத்துக்கு முழுக் காப்பு என்பது விதி. பங்குனியில் சேற்றுப் பட்டையைச் சுற்றி வேலி போட்டார்கள். அனுமதிச் சீட்டு உள்ளவர்கள் மட்டும் உள்ளே போகலாம். துவாரகாவிடம் சீட்டு இருந்தது.

கையுறை போட்டுத்தான் எடுத்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் தினமும் யோசித்தாள். குறிப்பேட்டைத் தேடி எடுத்து யாரும் பார்த்திருக்கப் போவதில்லை. கோட்டைச் சேர்த்தபோது உண்மையைப் பற்றி இவ்வளவு கவலைப்படாதவள், உண்மை சொல்லக்கூடாத ஒரே இடத்தில் போய்ச் சொல்லித் தொலைத்தாளே என்று தன்னைத் தானே ஏசிக்கொண்டாள்.

வீடு கிடையாது என்ற கடிதம் போய்ச் சேர்ந்த பிறகும் எட்டியம்மா உடனே வரவில்லை. ஐப்பசியில் வந்தாள். இரண்டு பஸ் மாறி வந்தவள், வேலிக்கு வெளியே, நுழைவாயில் அருகே நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்து பார்த்தால் அலையாத்தி மரங்கள் மறைத்தன, சேறு தெரியாது. உள்ளான்களின் சத்தம் மட்டும் கேட்டது.

துவாரகா அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வாக்குக் கொடுத்தது தப்பு என்றாள். வெறுங்கையாக எடுக்கச் சொன்னது தன் தப்பு என்றாள்.

"அப்ப, எங்க கை பட்டதால அது எங்க கை இல்லேன்னு ஆயிட்ச்சா?" என்றாள் எட்டியம்மா கடைசியில்.



எட்டியம்மா உள்ளான்களின் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். பிறகு, நிறைய இறங்கியிருக்கிறதா என்று விசாரித்தாள். நிறைய என்றாள் துவாரகா. இறால்? இறாலும் நன்றாக வருகிறது என்றாள். உள்ளே வந்து நீங்களே பாருங்கள், என் விருந்தாளியாக அழைத்துப்போக எனக்கு அனுமதி உண்டு என்றும் சொன்னாள். அதைச் சொன்னபோது அவளுக்குத் தான் ஏதோ செய்துவிட்டது போல ஒரு சின்ன ஆறுதல்கூட இருந்தது.

வாசல் காவலர் பதிவேட்டைத் திறந்தார். நல்ல மனிதர், முன்பு அலுவலக வாசலில் இருந்தபோது இவள் வந்து வந்து திரும்பியதைப் பார்த்தவர். பெயரைக் கேட்டுத் தானே எழுதினார். எங்கே கையெழுத்து என்று காட்டிப் பேனாவை நீட்டினார். எட்டியம்மா பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"இதுல மேல இன்னா எழுதிக் கீது?"

"பார்வையாளர் பதிவேடு" என்றார் அவர். "சும்மா பாத்துட்டுப் போறவங்க எழுதறது."

எட்டியம்மா பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்தாள்.

"ஓணாம், மேடம். ஒரு காயிதம் இல்ல, ஒரு காயிதம் இல்லன்னு அல்லாரும் சொன்னீங்க. நாளிக்கு எவனாச்சும் தேடினா, இந்தச் சேத்துல எங்க பேரு போட்ட காயிதம் இது ஒண்ணுதான் கெடைக்கும். அதுல நான் வேடிக்க பாக்க வந்தவன்னு இருக்கக் கூடாது."

எட்டியம்மா துவாரகாவின் தோளைத் தட்டிவிட்டு, மூன்றேகால் பஸ்ஸை விட்டால் அப்புறம் ஆறு மணிக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு நடந்தாள். திருப்பத்தில் ஒருமுறை நின்று, சத்தம் வந்த பக்கமாகத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

எழுதிய பெயரை என்ன செய்வது என்று காவலருக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் பக்கங்களுக்கு எண் போட்டிருந்தது, கிழிக்கக் கூடாது. அடித்துவிட்டால் மேலதிகாரி காரணம் கேட்பார். பேனாவை எடுத்து, எட்டியம்மா என்ற பெயருக்கு நேரே, கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்துக்குள், நிறுத்தி நிதானமாக 'வரவில்லை' என்று எழுதினார்.